கைமாத்து

முக்கூடல் பீடிக் கம்பெனியில்
ஒரே செவ்வாய்க்கிழமை
இலையும் தூளும் வாங்கினோம்,
நானும் ஆவுடையும்.
முதல் வாரக் கூலியில்
எனக்குத்தான் பதினோரு ரூபாய் கூடுதல்.
அவளுக்குக் கழிவு பீடி அதிகம்.

ஆனால் கையெழுத்து மணிமணியாக இருக்கும்.
கணக்கப்பிள்ளை காமாலையில் படுத்த மாசம்
பேரேடு எழுதக் கூப்பிட்டார்கள்.
பத்து நாளுக்கு என்றுதான் பேச்சு.

அப்புறம் அவளுக்கு வருசா வருசம் இன்கிரிமெண்ட்.
எனக்கும் ஆயிரத்துக்கு ரேட் கூடத்தான் செய்தது.
ரேட் ஏற ஏற விரல் இறங்கியது:
ஆயிரம், எண்ணூறு,
கண்ணாடி போட்ட பிறகு அறுநூறு.

எந்த வருசம் என்னைத் தாண்டினாள் என்று தெரியாது.
வியாழக்கிழமை சாயங்காலம்
"ஏட்டி, இருபது ரூவா இருக்கா" என்று
வாசலில் வந்து நிற்பதை
நிறுத்திய வருசமாக இருக்கும்.
ஆளைக் காணோமே என்று
அப்போது வருத்தம்கூடப் பட்டேன்.

இப்போது நான் போகிறேன்.
காப்பி தருகிறாள்.
இல்லையென்று ஒருநாளும் சொன்னதில்லை.
நோட்டை மட்டும்
எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணுகிறாள்.
எண்ணாமல் முந்தியில் முடிந்துகொள்கிறேன்.

அந்த இருபதுகள் மொத்தம் எத்தனை
என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை.
என் கையெழுத்து
கோழி கிளறினது மாதிரி இருக்கும்.