பத்து மீட்டர்

ஹெம்லாக் என்றதும்
கோப்பையில் கொடுத்த நஞ்சு நினைவுக்கு வந்தால்,
அது வேறு செடி.
இது நானூறு வருடமாய் நோவா ஸ்கோஷியாவின் ஓடைகளுக்கு
வெயில் படாமல் பார்த்துக்கொள்ளும் மரம்.
ஜூலையிலும் தண்ணீர் ஏன் பல் கூசுகிறதென்று
மீன்களைக் கேட்டால் சொல்லும்.

கிளையைத் திருப்பிப் பார்.
ஊசியிலைகளின் அடியில், காம்போரம்,
யாரோ தலையணையைக் கிழித்துக்
கிள்ளிக் கிள்ளி ஒட்டியதுபோல் வெள்ளைப் பஞ்சு.
பஞ்சுக்குள் கசகசாவில் பாதி இருக்கும் பூச்சி.
எல்லாம் பெண்.
ஆண் என்று ஒன்று இந்தக் கண்டத்தில் இல்லை,
தேவைப்படவும் இல்லை.
ஒன்று இருநூறாகும்; அந்த இருநூறும் தாய்.
எப்போதோ யாரோ தோட்டத்து அழகுக்கு வாங்கிய கன்றில்
டிக்கெட் இல்லாமல் கப்பலேறி வந்தது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி மைனஸ் இருபத்தாறு.
குழாய் வெடித்தது, வண்டி கிளம்பவில்லை,
நாங்கள் ஆடாத குறை.
மூன்றாம் நாள் கிளைகளை வெட்டி வந்து
லென்ஸுக்கு அடியில் ஊசியால் ஒவ்வொன்றாய்க் குத்தினோம்.
காய்ந்திருந்தால் செத்தது,
கசிந்தால் உயிர்.
செத்தது, செத்தது, செத்தது என்று
ஒடெல் சுரெட் சொல்லச் சொல்ல நான் கோடு போட்டேன்.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.
கேக் வாங்கலாமா என்றேன்.
மீதி ஒன்பதை இருநூறால் பெருக்கு என்றாள்,
லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மே மாதம் மருந்து வந்தது,
காட்டுக்குப் போதாத மருந்து.
மார்பளவு உயரத்தில் சுற்றி அளந்து
சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லி என்று கணக்கு.
பெரிய மரம் நிறையக் குடிக்கும்.
ஒரு கிழத்துக்கு ஊற்றுவதில்
ஐந்து நடுவயது பிழைக்கும்.
யாருக்கு நீல ரிப்பன், யாருக்கு இல்லை என்று
சாண்ட்விச் ஒட்டிய வாயோடு நாங்கள் முடிவு செய்தோம்.
ரிப்பன் கட்டாத மரங்களைக் கடக்கும்போது
ஏனோ மூவரும் சத்தமாகப் பேசினோம்,
ஹாக்கி பற்றி, லாயிடின் மச்சான் வாங்கிய ஓட்டைப் படகு பற்றி.

தண்ணீரிலிருந்து பத்து மீட்டருக்குள் மருந்து ஆகாது என்கிறது
எங்கள் அனுமதித் தாள்.
நல்ல விதி. ஓடையில் வாழும் பூச்சிகள்
ஒரு பாவமும் செய்யவில்லை.
ஆனால் அந்தப் பெரிய மரம் நிற்பது ஓடையோரம்,
வேரால் பாறையைக் கவ்விக்கொண்டு.
மூவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது,
முயன்று பார்த்திருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை போனால் அதில் நீல ரிப்பன்.
நான் கட்டவில்லை. ஒடெல் கட்டவில்லை.
லாயிட் பிக்டூ தன் பூட்ஸ் கயிற்றை
அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.
அளப்போம் என்றாள் ஒடெல்.
எட்டு மீட்டர் எழுபது.
இன்னொரு முறை, வேரின் அந்தப் பக்கத்திலிருந்து.
எட்டு எண்பது.
நன்றாக இழுத்துப் பிடி என்றான் லாயிட்,
இழுத்தால் ஓடை நகர்ந்துவிடும் என்பதுபோல்.
பிறகு அவனே முடிச்சை அவிழ்த்தான்.

அக்டோபரில் கண்டத்தின் மறுகரையிலிருந்து வண்டுகள் வந்தன,
ஐஸ் பெட்டியில், விமானத்தில்.
வண்டு என்றதும் பெரிதாய் நினைக்காதே; எள்.
மற்றதெல்லாம் உறங்கும் குளிரில் இதற்குப் பசிக்கும்.
அந்தப் பஞ்சுக்குள் இருப்பதற்கு மட்டும்தான் பசிக்கும்.
இத்தனை பெரிய காட்டுக்கு ஐந்நூறு.
விமான நிலையத்தில் கையெழுத்து வாங்கியவன் சிரித்தான்,
நாங்களும் சிரித்துவைத்தோம்.

கடைசிக் குப்பியை ஓடையோரம் திறந்தோம்.
லாயிட் கிளையை வளைத்துப் பிடித்தான்.
தட்டத் தட்ட உதிர்ந்து
ஒவ்வொன்றாய் இலைக்குள் போயின.
ஒன்று மட்டும் என் கையுறையில் ஏறி
கட்டைவிரல் நுனிக்குப் போய், திரும்பி,
மணிக்கட்டு வரை வந்து, மறுபடி நுனிக்குப் போனது.
மழை தூற ஆரம்பித்தது.
எழுதணும், எத்தனை என்று கேட்டாள் ஒடெல்.
நாற்பத்தெட்டு என்றேன்,
ஒன்று இன்னும் யோசிக்கிறது.