எது தரை

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி, ராத்திரி இரண்டே கால்.
"சைனாவுல படிச்ச பொண்ணு யாரும்மா,
எமர்ஜென்சிக்கு வரச் சொல்றாங்க"
குரல் வந்தபோது
பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தேன்.
பாதி உள்ளேயே போய்விட்டது.
அருள்விழி என்று பெயர் குத்தியிருந்தும்
இங்கே நான் சைனாவுல படிச்ச பொண்ணு.

ஸ்ட்ரெச்சரில் ஒருவர்,
மெட்ரோ சுரங்கத்து மஞ்சள் கோட்டு,
காதுமடல்வரை களிமண்.
"என் குடல் கோபமாக இருக்கிறது" என்று
அவர் போன், பெண்குரலில், தமிழில் சொன்னது.
ஸ்டெல்லா சிஸ்டர் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

நாலி தெங்? என்றேன்.
எங்கே வலிக்கிறது.
முதல் வருஷம் இதைத்
தெங்கு, தேங்காய் என்றுதான் மனதில் ஏற்றினேன்,
உடைகிற இடம் வலிக்கும் என்று.
அவர் விரல் வலது அடிவயிற்றில் போய் நின்றது.

சர்ஜன் வர ஒரு மணி நேரம்.
எங்கே படித்தாய் என்று கேட்டார்.
சோங்சிங்.
அவர் ஊர் ஹெனானில், கோதுமைப் பக்கம்.
சோங்சிங் பார்த்ததில்லையாம்.
குடியிருப்புக் கட்டடத்துக்குள் ரயில் நுழைவதை
வீடியோவில் பார்த்தேன், நிஜமா?

நிஜம்.
மேல் மாடியில் யாருடைய சட்டையோ காயும்,
கீழே ரயில் சுவருக்குள் போகும்,
வீட்டுக்காரர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.
ரோட்டில் நின்று வாயைப் பிளந்து
ரயிலை விழுங்குகிற மாதிரி படம் எடுப்பார்கள்.
நானும் விழுங்கினேன்.
அனுப்பிவைத்தேன், அப்பா
29சி கண்டக்டர், கேட்டது ஒன்றுதான்:
"ஃபுட்போர்டு அடிக்கிறானுங்களா?"

லிஃப்டில் இருபத்திரண்டாம் மாடி ஏறிக்
கதவு திறந்தால் அங்கே ஒரு ரோடு,
பஸ் ஸ்டாப், ஆரஞ்சு வண்டி.
பெரம்பூரில் பிறந்தவளுக்கு இது அநியாயம்.
எங்களுக்குத் தரை ஒன்றுதான்,
மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் இடம்.

பச்சை ஆறும் பழுப்பு ஆறும் சேரும் முனைக்கு
ஐந்து தடவை போயிருக்கிறேன்,
இலவசம் என்பதால்.
ஆற்றைத் தாண்டும் கேபிள் கார் இருபது யுவான்.
அதில் ஏறினேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்,
நடுவில் காற்று எப்படி ஆட்டியது என்றுகூட.
அதைக் கேட்ட அப்பா சங்கத்து ஆட்களிடமெல்லாம் சொன்னார்.
இவர் கேட்டார், கேபிள் கார் எப்படி?
ஏறவில்லை என்றேன்.
பொய் சொல்ல அந்த மொழி எனக்குப் போதவில்லை.

நீங்கள் சென்னையில் என்ன பார்த்தீர்கள்?
பத்து மாதம்.
பீச் இல்லை, கோயில் இல்லை.
முதலில் மணல், பிறகு கறுப்புக் களிமண்,
பிறகு பல் உடைக்கும் பாறை, என்றார்.
தெருப் பெயர் ஒன்றும் தெரியாது,
சுரங்கத்தில் பொருத்திய வளையங்களின் எண் தெரியும்.
நானூற்றுப் பன்னிரண்டில் கசிவு.
அறுநூறு தாண்டியதும் உப்பு வாசனை.
சில சமயம் தலைக்கு மேல் ஏதோ கனமாக ஓடுகிற மாதிரி இருக்குமாம்.
ஆனால் அவ்வளவு ஆழத்தில் கேட்காது, மனப்பிரமைதான், என்று
வலியோடு சிரித்தார்.
நான் அப்பாவின் பஸ்ஸை நினைத்துக்கொண்டேன்,
புரசைவாக்கத்தில் படி வழிய வழிய ஆட்களோடு.

சர்ஜன் வந்தார், வயிற்றை அழுத்தினார், எடுத்துடலாம் என்றார்.
ஒப்புதல் தாளில் எங்கே கையெழுத்து என்று காட்டினேன்.
மூன்று எழுத்து, களிமண் ரேகையோடு.

லிஃப்ட் கதவு மூடும்போது கேட்டார்:
மேலேயா?
மேலே. நாலாவது மாடி.
ஜன்னல் இருக்குமா?

இருக்கும்,
காலையில் கண் விழித்தால் கடல் தெரியும் என்றேன்.
கீழ்ப்பாக்கத்திலிருந்து எந்தக் கடல்.
ஆனால் இந்தப் பொய்க்கு
என்னிடம் வார்த்தை இருந்தது.