நகராத குறி

கோமானியில், நெடுஞ்சாலை ஓரம்,
மூன்றாம் பம்ப் என்னுடையது.
இரவு பத்து முதல் காலை ஆறு வரை.
ஒரு லாரி போய் அடுத்தது வருவதற்குள்
கிடைக்கிற நேரத்தில் கணக்கு.

பள்ளியில் நான் கோட்டைவிட்ட ஒரே பாடம்.
ஒன்பது வருஷம் கழித்து
மறுபடி எழுதப் பதிந்திருக்கிறேன்.
லுவூயோ சிரித்தான்:
"லிட்டரை விலையால் மெஷினே பெருக்கிவிடுகிறது,
உனக்கு எதற்கு இந்த வேலை?"

இரண்டு ராண்டுக்கு டேட்டா போட்டால்
கேள்வி வரும், பதில் அனுப்பலாம்.
மறுமுனையில் இருப்பவருக்குப் பெயர் கிடையாது.
உதவியாளர் பதினாலு, அவ்வளவுதான்.
ஆணா பெண்ணா,
இந்த நேரத்தில் அவருக்கும் ஏன் தூக்கமில்லை,
கேட்டதில்லை.

அன்று வந்தது இது:

−7 = 3x + 1

போட்டேன். எக்ஸ் என்பது மைனஸ் மூன்றில் எட்டு...
இல்லை, மைனஸ் எட்டு பை மூன்று.
தவறு என்றார் பதினாலு.
ஒரு டீசல் வண்டியை அனுப்பிவிட்டு வந்து
கையுறையின் முதுகில் பேனாவால் போட்டேன்.
அதே எட்டு, அதே மூன்று.

"படிப்படியாக அனுப்புங்கள்."
அனுப்பினேன்.
எழுதுகிறார், எழுதுகிறார் என்றே வெகுநேரம் காட்டியது.
பிறகு ஒரு வரி:
"அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது?"

நீங்கள்தானே அனுப்பினீர்கள்.
நான் அனுப்பவில்லை.
என் கண்ணெதிரே இருக்கிறது.
என் கண்ணெதிரே இல்லை.

நான் பொய் சொல்கிறவள் இல்லை என்று
ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன்.
"இதிலும் இல்லை" என்றார்.

கோபத்தில் விரல் வழுக்க
செய்தி மேலே நகர்ந்தது.
ஏழு போனது, மூன்று போனது, எக்ஸ் போனது.
மைனஸ் மட்டும்
நின்ற இடத்திலேயே நின்றது.

போன மாதம் சில்லறை எண்ணும்போது
கைநழுவி, பம்பின் திண்டில் மோதிய கீறல்.
அரிசி நீளம்கூட இல்லை.

உதவியாளர் பதினாலுக்கு அதைச் சொன்னேன்.
ஒன்றும் எழுதாமல்
சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினார்.
பிறகு இன்னொன்று.
எக்ஸ் இரண்டு என்று நான் எழுதும்போது
விடியலின் முதல் ரொட்டி வண்டி திரும்பி உள்ளே வந்தது.

கண்ணாடி மாற்ற நானூறு ராண்ட் கேட்கிறார்கள்.
மாற்றவில்லை.
இப்போதெல்லாம் எந்தக் கணக்கையும்
ஒருமுறை மேலே தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

மாதக் கடைசியில்
வங்கியிலிருந்து செய்தி வந்தது.
மீதி: −212 ராண்ட்.
நம்பிக்கையோடு மேலே தள்ளினேன்.
இது கூடவே வந்தது.