வேனில்

ஈப்போவில் அட்டவணை போட்டவன் நான்தான்.
ஐந்து நாள், ஒன்பது இடம், பதினேழு பேர்,
மணிவாரியாக, நிறம் பிரித்து.
உச்சிப்புளி தாண்டி, அரியமானில்
சவுக்கு நிழலைப் பார்த்து வேன் நின்றதும்
கோமளா அண்ணி முதல் பக்கத்தை உருவி
வறுத்த நெத்திலியை அதில் கொட்டினாள்.
எண்ணெய் இறங்கிய தாளைத் தூக்கிப் பிடித்தேன்.
பதினொன்றரை மணிக்கு நேர் பின்னால்
கடல் தெரிந்தது.

"வெளிநாடுன்னு சொன்னீங்க" என்றான் யுகேந்திரன். ஆறு வயது.
"எல்லாரும் தமிழ்தான் பேசுறாங்க.
பஸ்ல, கடையில, எல்லாப் போர்டும் தமிழ்.
அப்ப நம்ம வீடுதான் வெளிநாடா?"
பெரியவர்கள்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு
வெள்ளரிப்பிஞ்சுக்கு உப்பு கேட்டார்கள்.

டிரைவர் செய்யது கனி செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தபடியே சொன்னார்:
இது பெண் கடல், பிள்ளைகளை விடுங்க, ஒண்ணும் செய்யாது.
தெற்கே போனா ஆண் கடல். அது கத்தும்.
"எங்க வீட்ல மாத்தி" என்றாள் ஹேமவர்தினி,
பதினான்கு வயதின் முழுச் சலிப்போடு,
போனிலிருந்து தலை தூக்காமல்.
அக்கா கத்தினாள்.
அத்தான் ஒன்றும் செய்யவில்லை.

பிறகு ஒரு குழி.
மூன்று மணி நேரம் அந்த ஒரு குழி.
நண்டுக்கு நீச்சல் குளமாம்.
கரையில் கிடந்த கடற்புல்லை அள்ளி
ஆளுக்கொரு கூந்தல் வைத்துக்கொண்டு
தோண்டினார்கள், சரிந்தது, தோண்டினார்கள்.
புல்லைத் தின்ன ஆவுளியா வரும் என்று
செய்யது கனி சொல்லித் தொலைத்தார்.
மாடு மாதிரி இருக்கும், வெட்கம் ஜாஸ்தி, சத்தம் ஆகாது.
ஒன்பது பிள்ளைகள்
வரிசையாக உட்கார்ந்து மூச்சைப் பிடித்தார்கள்.
திருச்சியில் இறங்கியதிலிருந்து
எங்களுக்குக் கிடைத்த முதல் அமைதி.
புர்ர் என்று ஒரு சத்தம்.
"வந்துருச்சு!"
சித்தப்பாவின் குறட்டை.

புவனேந்திரன் அண்ணன் என் பாயில் வந்து படுத்தான்.
ஜெலாப்பாங் வீட்டை விற்ற நாளிலிருந்து
இரண்டு வருடம், நல்ல நாள் வாழ்த்தோடு சரி.
இந்தப் பயணத்துக்கும்
அவன் பங்கைக் காசோலையாகத்தான் அனுப்பினான்.
"இப்ப நம்ம எங்க இருக்கணும்?" என்றான்
கண்ணை மூடியபடி.
பாம்பன் பாலத்தில் இருக்க வேண்டும்,
மஞ்சள் நிறக் கட்டத்தில்.
"இங்கதான்" என்றேன்.
"ம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து
தலையணையை என் பக்கம் பாதி தள்ளினான்.
அதில் மணல்.

ஐந்து மணிக்கு வேனில் தலை எண்ணினேன்.
பதினெட்டு.
மறுபடி எண்ணினேன். பதினெட்டு.
கடைசி இருக்கையில்
உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டோடு
எங்கள் பிள்ளைகளைவிட எங்கள் பிள்ளையாக
ஒருவன் உட்கார்ந்திருந்தான்.
"பேரு?" "ரெக்சன்."
"வீடு?" கரை முழுவதையும் காட்டினான்.
"எங்க போற?" "நீங்க போற வழிதான்."
செய்யது கனிக்கு அவனைத் தெரிந்திருந்தது,
எல்லா வேனிலும் ஏறுவானாம்.
உச்சிப்புளி ரயில்வே கேட் அடைத்திருந்தது.
"சித்தி வீடு" என்று குதித்து,
யுகேந்திரனின் தொப்பியோடு
ரயில் வருவதற்குள் காணாமல் போனான்.
யாரும் டாட்டா காட்டவில்லை.

ராமநாதபுரம் லாட்ஜ் வாசலில் மறுபடி எண்ணினேன்.
பதினேழு. சரிதான்.
சரியாக இருந்தும் இன்னொரு தரம் எண்ணினேன்.
ராத்திரி, குளியலறை வாளியில்,
பாஸ்போர்ட் இல்லாத ஒன்று நடக்கும் சத்தம்.
தொப்பிக்குப் பதில் ரெக்சன் தந்த நண்டு.

விடிந்ததும் ஒன்பது பேரும் வாளியைச் சூழ்ந்து நின்றார்கள்:
அதோட குளத்துல கொண்டுபோய் விடணும்.
இரண்டாம் பக்கம் என் கையில் இருந்தது.
நான் வாய் திறப்பதற்குள்
செய்யது கனி
வண்டியை அரியமான் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு
ஹாரனை ஒரு தரம் மெல்லத் தட்டினார்.
அண்ணி கேட்டாள்,
"அந்தத் தாளை இப்படிக் கொடு,
இன்னைக்கு இறால்."