நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

மார்பர்க். நவம்பர். செவ்வாய்க்கிழமை.
மணிக்குப் பதினான்கு யூரோ கூலி.
பல்கலைக்கழகத்தின் இணையத்தளம்
எனக்குத் திறக்கிறதா என்று
தட்டிப் பார்க்கும் வேலை.

பக்கத்து நாற்காலியில் வென்டெலின் ஓஸ்ட்ஹாஃப்:
ஈரக் கம்பளி வாசம், கீறும் பேனா, ஒரு கடிகாரம்.
"இயந்திரம் ஏற்கெனவே சோதித்துவிட்டது.
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு."
பிள்ளையின் மார்க்கைச் சொல்லும் தகப்பன் குரல்.

திரைவாசிப்பானை முடுக்குகிறேன்.
அதன் ஜெர்மன் வாய்க்கு ஜகரம் வராது.
நிரோஜினி உள்ளே நுழைந்தால்
நிரோயினியை வரவேற்கும்.
போகட்டும், மூன்று வருடப் பழக்கம்.
இரண்டு பேருக்கும் நானே பதில் சொல்கிறேன்.

முதல் பணி: நூலகத்தில் ஓர் இருக்கை.
டேப். இணைப்பு.
டேப். இணைப்பு.
டேப். படம், டி எஸ் சி பூஜ்யம் நான்கு நான்கு ஏழு.
"அது என்ன படம்?"
அவர் குனிய நாற்காலி முனகுகிறது.
"படிக்கட்டில் மாணவர்கள். சிரிக்கிறார்கள்."
எதற்கு?
அந்தக் கேள்வி அவருடைய படிவத்தில் இல்லை.

டேப். பொத்தான்.
டேப். பொத்தான்.
டேப். பொத்தான்.
பெயர் வைக்காமலே பள்ளிக்கு அனுப்பிய மூன்று பிள்ளைகள்.
நடுப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.
பக்கம் முழுதும் பிரெஞ்சு ஆனது.

தொண்ணூற்றாறு எப்படி வந்தது என்று கேட்டேன்.
படங்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறதாம்,
டி எஸ் சி நான்கு நான்கு ஏழும் பெயர்தானாம்.
அந்த மூன்று பொத்தான்களுக்கு மட்டும்
நான்கு மார்க் குறைத்திருக்கிறது.
வீட்டிலும் அப்படித்தான்,
அளந்தால் சுவர்தான் அதிகம்,
கதவு நூற்றில் நான்கு பங்கு தேறாது.

பிறகு வந்தது:
"நீங்கள் மனிதர்தானா?
போக்குவரத்து விளக்குகள் உள்ள கட்டங்களைத் தெரிவு செய்க."

இந்த ஊர் விளக்குகளை எனக்குத் தெரியும்.
கீழே, பாலத்தடியில்,
நில் என்றால் ஆறுதலாய்ச் சொடுக்கும்,
போ என்றால் அவசரமாய்.
லான் நதி இரைகிற நாளில் இன்னும் உரக்கக் கதைக்கும்.
அவை ஒருநாளும் என்னிடம்
நீ மனுசியா என்று கேட்டதில்லை.
இந்த ஒன்பது கட்டங்களில்
ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

கடைசிப் பணி:
தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பம்.
கண் தெரியாதவர்களுக்கு, கை நடுங்குகிறவர்களுக்கு,
எழுத்துகள் இடம் மாறித் தெரிகிறவர்களுக்கு.
பதினொரு பக்கம். பத்து நிமிடம்.
பிறந்த தேதியைத் தட்டெழுத விடாது,
நாட்காட்டியில்தான் தேட வேண்டும்.
மாதம் மாதமாய்ப் பின்னால் நடந்தேன்.
பள்ளி முடித்த கோடையைத் தாண்டி,
கொரோனாவைத் தாண்டி,
அப்பா வேலை இழந்த மார்ச்சைத் தாண்டி
இரண்டாயிரத்து ஒன்பதில் கால் வைக்கையில்,
"நீண்ட நேரம் செயலற்று இருந்ததால்
வெளியேற்றப்பட்டீர்கள்."

சட்டம் வரம் கொடுத்துவிட்டது.
பூசாரி இந்தப் படிவம்.

பேனா நின்றிருந்தது.
கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டார் போல,
அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
"ஒன்றிலிருந்து ஐந்து வரை
உங்கள் திருப்தி..." என்று தொடங்கி
முடிக்காமல் விட்டார்.

ஜனவரியில் அறிக்கை வந்தது.
ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.
திரைவாசிப்பான் சொன்னது: வெற்று ஆவணம்.

தொலைபேசியில் அழைத்தேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு பன்னிரண்டு பக்கத்தையும்
தானே வாசித்தார், அடிக்குறிப்பு உட்பட.
நான் அதில் "பங்கேற்பாளர் மூன்று".
ஏழாம் பக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார்:
"படத்தில் உள்ளவர்கள்
எதற்குச் சிரிக்கிறார்கள் என்று
பங்கேற்பாளர் மூன்று கேட்டார்."

விசாரித்தாராம்.
படம் எடுத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்,
அந்த மாணவர்கள் யாரென்றே தெரியவில்லை.
அலுவலகத்தில் ஒருவருக்கும்
தெரியவில்லை என்றார்.