ரூம் டோன்

மணவாளக்குறிச்சியில் ஒரு நாளைக்கு எடுத்த வீடு.
வரதட்சணை ஒழிப்புப் படம் என்று சொல்லியிருந்தோம்.
வீட்டுக்காரி ஷைலாக்கா மரச்சீனி அவித்து, சாளை குழம்பு வைத்து,
"பெண்ணு வீட்டுல எவ்வளவு கேக்கானுவ?" என்று
ஒவ்வொரு டேக் முடிவிலும் எட்டிப் பார்த்தாள்.
படத்தில் மாப்பிள்ளையே கிடையாது.
இரண்டு பெண்கள், ஓர் அடுக்களை,
பதினோரு நிமிடம்.

இயக்கம் பெனிஷா.
ஒலிப்பதிவு நான்,
கல்யாண வீட்டில் வாங்குவதில் பாதிக் கூலிக்கு.
இரண்டு வருடம் கழித்து ஃபோன் செய்தவள்
வருவியா என்று கேட்கவில்லை.
"உனக்கிட்ட பூம் இருக்கா?" என்றாள்.
இருந்தது.

ஃபிரிட்ஜை அணைத்து
பைக் சாவியை அதற்குள் வைத்தேன்,
போகும்போது திரும்பப் போட மறக்கக்கூடாதே.
ஹெட்ஃபோன் மாட்டினால் எல்லாம் கிட்டே வந்துவிடும்:
நடிகையின் கண்ணாடி வளையல்,
யாரோ எச்சில் விழுங்குவது,
செருப்பில் ஒட்டிய கருமணல் தரையில் நெரிபடுவது,
பிறகு கடல்,
எதை வடிகட்டினாலும் கொஞ்சம் கடல்.

ஸ்கிரிப்டை நான் வாசித்திருக்கவில்லை.
சத்தம் பிடிக்கிறவளுக்கு எதற்குக் கதை?
மூன்றாம் காட்சி.
வாசலில் பையோடு நிற்பவளிடம்
அடுப்படியில் நிற்பவள் சொல்ல வேண்டும்:
"போறதுன்னா போ. கொடைய வச்சிட்டுப் போ."

என் வாக்கியம்.

குழித்துறை ரயில் நிலையம்,
கூரை இல்லாத பக்கம், ஐப்பசி மழை,
வண்டி நாற்பது நிமிடம் தாமதம்.
அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.
(பிறகு அது நடக்கவில்லை.
அது வேறு கதை, அதிலும் நான் இல்லை.)
நான் அழவில்லை.
குடை என்னுடையது, மழை பெய்தது,
அவ்வளவுதான்.

நடிகை தாரிணி நெல்லைக்காரி.
"குடையை" என்றாள்.
"கொடைய" என்று பெனிஷா திருத்தினாள்.
அடுத்ததில் அழுதாள்.
அதற்கடுத்ததில் பல்லைக் கடித்தாள்.
ஒன்றில் "வச்சிட்டு"வுக்கு முன்னால்
ஒரு மூச்சு எடுத்தாள். நல்ல மூச்சு,
அன்றைக்கு எனக்கு அது வாய்க்கவில்லை.
பதினாறு முறை
என் காதுக்குள் யாரோ என்னைத் தப்பாகச் சொன்னார்கள்.
தோள் கடுக்கக் கம்பைத் தூக்கிப் பிடித்து
என் சொல்லின்மேல் நிழல் விழாமல்
பார்த்துக்கொண்டேன்.

பதினேழாவது சரியாக வந்தது,
கடையில் மீதிச் சில்லறை கேட்பதுபோல.
யாரும் அசையவில்லை.
கட் சொன்ன பிறகுதான் ஷைலாக்கா,
"மழையே இல்ல, இவ எதுக்குக் கொடைய கேக்கா?"

"சவுண்டு ஓகேயா?"
மானிட்டரைப் பார்த்தபடி கேட்டாள் பெனிஷா.
"வள்ளத்து எஞ்சின் விழுந்திருக்கு. இன்னொண்ணு போலாம்."

ஞாயிற்றுக்கிழமை.
ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில்
ஒருத்தரும் கடலுக்குப் போவதில்லை.
அவள் அப்பாவுக்கு வள்ளம் உண்டு.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
"சரி. இன்னொண்ணு."

சாயங்காலம் ரூம் டோன்.
நின்ற இடத்தில் நிற்க வேண்டும், ஒரு நிமிடம்.
வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே
பிறகு பூசி மறைக்க, வெறும் அறையின் சத்தம்.
ஏழு பேருடைய மூச்சு.
அதில் ஒன்று, இடது மூக்கு லேசாக அடைத்து
நுனியில் விசிலடிக்கும் மூச்சு.
கம்பை அந்தப் பக்கம் திருப்பவில்லை.
திருப்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
அறுபது வினாடி தாண்டியது.
நான் கை காட்டவில்லை.
எழுபது.
நூறு.
தாரிணிக்குக் கால் மரத்துப்போயிருக்க வேண்டும்.
பெனிஷா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
இரண்டு நிமிடம் நாலு வினாடியில்
ஷைலாக்காவின் குக்கர் கூவியது.

கேபிளைச் சுற்றும்போது பக்கத்தில் வந்தாள்.
"உனக்க பேர எதுல போட, றெஜிலா?"
"ஒலியில."
"ஒலியில மட்டுமா?"
கேபிளில் ஒரு முறுக்கு விழுந்திருந்தது,
அதைப் பிரித்து
மறுபடி முதலிலிருந்து சுற்றினேன்.

ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்தேன்.
சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன்.