முட்டோ

தோட்டப்பாளையத்தில் தோட்டம் என்று மிச்சமிருப்பது
செப்டிக் டேங்குக்கும் மதிலுக்கும் நடுவே
பதினோரு அடிக்கு மூன்றடி.
வீட்டுக்கார அம்மா துளசி வைக்கச் சொன்னார்.
நான் தினை விதைத்தேன்.

ஒடுகத்தூர் சந்தையில் வாங்கியது, மூன்று பொட்டலம்.
மஞ்சள், சிவப்பு, கருப்பு.
மணல் கலந்து தூவியும்
என் கை தாராளமாகிவிட்டது.
பத்தாம் நாள் பாதியைப் பிடுங்கினேன்,
ஒவ்வொன்றிடமும் "ஸாரி" சொல்லி.
ரத்தம் எடுக்கிறவளின் வாய்ப்பழக்கம்.

வரிசைக்கு அடையாளம்
தேதி முடிந்த குழாய்களின் மூடிகள்.
மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குச் சிவப்பு.
கருப்புக்கு ஊதா.
எங்கள் லேபில் கருப்பு மூடி கிடையாது.

புரட்டாசியில் கதிர் வளைந்தது,
கிளையில் படுத்த அணிலின் வால்போல.
"புல்லுக்கா இவ்ளோ தண்ணி?" என்றார் வீட்டுக்கார அம்மா.
முதலில் சில்லைகள் வந்தன, பிறகு இரண்டு கிளி.
வள்ளிமலை ஒரு பஸ் தூரம்தான்.
ஆனால் ஆலோலம் பாட எனக்கு யார் லீவு தருவார்கள்?
ஆறரைக்கு டியூட்டி.
கொசுவலையை வெட்டிக் கதிருக்குக் கதிர் பை தைத்தேன்.

மாடி அறையில் கூச்பிஹார்க்காரர்கள்.
நாள் வாடகை நானூற்றைம்பது, ஸ்டவ் தனி.
திலீப் பர்மன், அவர் மனைவி சபிதா.
வந்து நாற்பது நாள்.
எனக்குத் தெரிந்த வங்காளம் மூன்றே வாக்கியம்:
முட்டோ கொருன், கையை மூடிக்குங்க.
எக்டு லாக்பே, கொஞ்சம் வலிக்கும்.
ஹோயே கேச்சே, ஆயிடுச்சு.
இதை வைத்தே பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிறு, துணி காயப்போட இறங்கியவர்
வாளியை வைத்துவிட்டு நின்றார்.
கொசுவலைக்குள் விரலை விட்டுக்
கருப்புக் கதிரை அடியிலிருந்து நுனிவரை நீவினார்.
"காவோன்" என்றார்.
"தினை" என்றேன்.
"காவோன்."
"சரி."
எங்கே விளையும் என்று காட்டக்
கையாலேயே ஓர் ஆறு வரைந்தார்,
அதன் கரை, கரையில் மணல்.
அவர் ஆற்றில் தண்ணீர் இருந்தது.
பாலாற்றை நினைத்து நான் பேசாமல் இருந்தேன்.

ஐப்பசியில் அறுத்துக் காயவைத்து
மிக்ஸி பிளேடைத் தலைகீழாய் மாட்டினேன்.
முதல் ஈடு மாவாய்ப் போனது,
தேன் விட்டு உருட்டி நின்றபடியே தின்றேன்.
இரண்டாம் ஈட்டில் உமி கழன்றது.
டேபிள் ஃபேன் முன்னால் அவர் கொட்ட, நான் பிடிக்க,
உமி அத்தனையும்
வீட்டுக்கார அம்மாவின் வடகத்தின் மேல்.
விதை போக முந்நூற்றுத் தொண்ணூறு கிராம்.
கடையில் ஐம்பது ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

அவர் கையை நீட்டினார்.
"எக் முட்டோ."
நான் பார்த்தது நரம்பை.
முழங்கை மடிப்பில் பச்சையாய், தடிமனாய்,
ஒரே குத்தில் கிடைக்கிற நரம்பு.
அப்புறம்தான் உறைத்தது.
பிடி. ஒரு பிடி கேட்கிறார்.
இத்தனை வருஷம் நான்
வெறுங்கையை மூடச் சொன்ன சொல்லுக்குள்
தானியம் கொள்கிற இடம் இருந்திருக்கிறது.

மூன்று பிடி போட்டேன்.
பாலில் வேகவைத்தார், சர்க்கரை இல்லாமல்,
சபிதாவுக்கு ஆகாது.
எனக்கும் ஒரு டம்ளர் வந்தது, லேசாய் அடிப்பிடித்து.
எத்தனை ஸ்பூன் சாப்பிட்டார் என்று
நான்கு விரலைக் காட்டினார் படியில் நின்று.
ரிப்போர்ட் பற்றி அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.

காட்பாடியில் அவர்கள் வண்டி ஏறியபோது
நான் டியூட்டியில் இருந்தேன்.
விதைக் கருப்பில் பாதியை
மாத்திரைக் கவரில் முன்னமே கொடுத்திருந்தேன்.
ஊதா மூடியையும் காணோம்.
அது நான் கொடுத்ததில்லை.

மறுநாள், ஏழாம் கவுன்ட்டர்.
டோக்கன் இருநூற்றுப் பதினாலு, மால்டாவிலிருந்து ஒரு பெண்.
"முட்டோ கொருன்."
மூடினார்.
ஊசியை எடுக்காமல்
அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
பின்னாலிருந்து யாரோ இருமும்வரை.